கழிமுக ஓங்கல்களைக் கணக்கிடுதலும் காத்தலும்

கங்கை, பிரம்மபுத்திரா, மேகனா ஆகிய நதிகள் கடலொடு கலக்குமிடத்தில் சுந்தரவனம் என்னும் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. அதன் நீர்வழிகளில் டால்பின் எனப்படும் ஓங்கல்கள் இருவகை வாழ்கின்றன. ஐராவதி ஓங்கல் உருண்ட தலையுடையது. உவர் கலந்த ஜலத்தை விரும்புவது. கங்கை ஓங்கல் நீண்ட மூக்குடையது, கண்பார்வை மிக அற்பமாதலின், தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டு இரை தேடுவது, நன்னீரை நாடுவது.

எண்ணும் முறை

இவை மூச்சு விடும்பொருட்டு நீர்மேல் தோன்றிச் சில விநாடிகளில் மறைவதால், கண்டவற்றை மட்டும் எண்ணினால் தொகை குறைந்துவிடும். ஆகையால் ஒரே சமயத்தில் இரு குழுவினர், ஒருவர் கண்டதை மற்றவர் அறியாவண்ணம், தனித்தனியே எண்ணுகின்றனர். உதாரணமாக, முதற்குழு 20-ம், இரண்டாங்குழு 18-ம் கண்டு, அவற்றுள் 15 இருவருக்கும் பொதுவாயின், 20-ஐ 18-ஆல் பெருக்கி 15-ஆல் வகுக்க 24 கிடைக்கும். இருவரும் காணத் தவறியவை இதில் அடங்கும். இம்முறையை அனுசரித்து, வங்காளதேசப் பகுதியில் ஐராவதி ஓங்கல் 451, கங்கை ஓங்கல் 225 என 2006-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

அபாயங்கள்

செவுள்வலையில் சிக்கும் ஓங்கல் மேலே வந்து மூச்சு விட இயலாமல் மடிகிறது. மற்றொரு கேடு நன்னீர்க் குறைவாகும். 1975-ல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின், கோடையில் கொராய் கிளைநதிக்கு வரும் நீர் குறைந்து, உவர் உள்நாடு நோக்கி ஏறியது. கங்கை ஓங்கலுக்குரிய நீர்ப்பரப்பு சுருங்குவதும், கரையோர வயல் உவர்பட்டு நெல் விளைச்சல் குன்றுவதும் ஒரே காரணத்தின் இரு பலன்களே. ஆதலால் ஓங்கலின் நிலை, நதியின் நிலையைக் காட்டும் அளவுகோலெனக் கொள்ளத்தக்கது.

காக்கும் வழிகள்

வங்காளதேச அரசாங்கம் 2012-ல் சுந்தரவனத்தின் மூன்று நீர்ப்பகுதிகளை ஓங்கல் சரணாலயங்களாக அறிவித்தது. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவ்விரு வகைகளும் சேர்க்கப்பட்டுள்ளன; கொல்லுதல் குற்றமாகும்.

கழிமுகங்களை அடுத்த நிலமுடையோர் பாசன நீரை வீணாக்காமலும், பூச்சி மருந்து கலந்த நீரை வாய்க்காலில் விடாமலும் இருத்தல் நலம். வலையிற்பட்ட ஓங்கல் உயிரோடிருப்பின், அதன் மூச்சுத்துளை நீருக்கு மேலிருக்கும்படி தாங்கி, தாமதமின்றி வலையை அறுத்து விடுவிக்க வேண்டும். இறந்து கரையொதுங்கியதாயின், கிராம அதிகாரிகள் நாள், இடம், நீளம், உடலிலுள்ள வலைத்தழும்பு ஆகியவற்றைக் குறித்து வன இலாகாவுக்கு அறிவித்தல் வேண்டும். இத்தகைய குறிப்புகள் பல ஆண்டுகள் சேர்ந்தால்தான், எவ்விடத்தில் எவ்வலையைத் தடுப்பது என்பதைத் தீர்மானிக்க இயலும்.