போர்ட்லெட்டுக்குள் சர்வ்லெட்: சேர்ப்பது எப்படி, கவனிக்க வேண்டியவை எவை?

பள்ளியில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வ்லெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவரின் தேர்வுப் புள்ளிகளை அட்டவணையாகக் காட்டுவது அதன் வேலை. இப்போது பள்ளிக்குப் புதிய ஜாவா போர்ட்டல் வந்துவிட்டது. அந்த அட்டவணை போர்ட்டல் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் வரணும். பழைய நிரலை முழுக்கத் திருப்பி எழுதணுமா? தேவையில்லை. அதன் வெளியீட்டை அப்படியே போர்ட்லெட்டுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

வேறுபாடு என்ன?

சர்வ்லெட் ஒரு முழுப் பக்கத்தைத் தரும். போர்ட்லெட் தருவது பக்கத்தின் ஒரு துண்டு மட்டுமே. பல துண்டுகளை ஒட்டி முழுப் பக்கமாக்குவது போர்ட்டலின் வேலை. போர்ட்லெட்டுக்கான முதல் தரவிதி ஜேஎஸ்ஆர் 168; 2003-இல் வந்தது. அடுத்த பதிப்பான ஜேஎஸ்ஆர் 286, 2008-இல் வந்தது.

சேர்க்கும் படிகள்

1. போர்ட்லெட்டின் காட்சி முறையில், அதாவது டூவியூவில், உள்ளடக்க வகையை முதலில் குறிப்பிடுங்கள். பொதுவாக அது டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்.
2. போர்ட்லெட் கான்டெக்ஸ்டிடம் ரிக்வெஸ்ட் டிஸ்பேச்சரைக் கேளுங்கள். சர்வ்லெட்டின் பாதையைக் கொடுத்தும் கேட்கலாம், பெயரைக் கொடுத்தும் கேட்கலாம். பாதை என்றால் சாய்கோட்டில் தொடங்க வேண்டும்.
3. கிடைத்தது நல் மதிப்பா என்று பாருங்கள். நல் என்றால் பாதையோ பெயரோ தவறு.
4. இன்க்ளூட் முறையை அழையுங்கள். சர்வ்லெட் எழுதுவது எல்லாம் பெட்டிக்குள் வந்து விழும்.

ஒரு நிபந்தனை: சர்வ்லெட்டும் போர்ட்லெட்டும் ஒரே வலைச் செயலிக்குள் இருக்க வேண்டும். வேறு செயலியில் இருந்தால் இந்த வழி உதவாது. ஐஃபிரேம் போன்ற மாற்றுவழியைத்தான் பார்க்கணும்.

தடுமாறும் இடங்கள்

சர்வ்லெட் எச்டிஎம்எல், ஹெட், பாடி ஒட்டுகளை எழுதினால் அவற்றை நீக்கிவிடுங்கள். போர்ட்டல் ஏற்கெனவே அவற்றை எழுதியிருக்கும்.

காட்சிக் கட்டத்தில் சேர்க்கப்பட்ட சர்வ்லெட்டில் சென்ட் ரிடைரக்ட், சென்ட் எரர், செட் கன்டென்ட் டைப் ஆகியவை வேலை செய்யா. பிழைச் செய்தியும் வராது, சும்மா இருந்துவிடும். அதனால்தான் பலர் மணிக்கணக்கில் தேடுவார்கள். திசைதிருப்பல் தேவையென்றால் அதைப் போர்ட்லெட்டின் செயல் கட்டத்திலேயே செய்யுங்கள்.

பழைய படிவம் நேராகச் சர்வ்லெட்டின் முகவரிக்கே அனுப்பினால், மாணவர் பொத்தானை அழுத்தியதும் போர்ட்டலைவிட்டு வெளியே போய்விடுவார். படிவத்தின் முகவரியைப் போர்ட்லெட் ஆக்‌ஷன் யூஆர்எல்லாக மாற்றுங்கள்.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றனவா? சேர்க்கப்படுவது ஜேஎஸ்பி என்றால் பேஜ் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பையும் அதே குறிமுறையில் சேமித்திருக்க வேண்டும்.

மிக முக்கியமானது: பாதுகாப்பு

போர்ட்டல் உள்நுழைவைச் சோதிக்கிறது, யாருக்கு எந்தப் பெட்டி என்று முடிவு செய்கிறது. ஆனால் சர்வ்லெட்டுக்குச் சொந்த முகவரி இன்னும் திறந்திருந்தால், அதை உலாவியில் தட்டச்சு செய்பவர் போர்ட்டலைத் தாண்டி உள்ளே வந்துவிடலாம். சர்வ்லெட்டுக்கெனத் தனிச் சோதனை இல்லாவிட்டால் ஒரு மாணவரின் புள்ளிகளை இன்னொருவர் பார்த்துவிடுவார்.

இதற்கு எளிய தீர்வு உண்டு. வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் சர்வ்லெட்டின் பெயரை மட்டும் அறிவியுங்கள். யூஆர்எல் இணைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு கெட் நேம்ட் டிஸ்பேச்சர் மூலம் பெயரால் அழையுங்கள். ஜேஎஸ்பி என்றால் வெப்-இன்ஃப் கோப்புறைக்குள் வையுங்கள். வெளியிலிருந்து நேராகத் திறக்க முடியாது. டிஸ்பேச்சருக்கு மட்டும் வழி இருக்கும்.

மாணவர்களுக்குப் பயிற்சி

"சேர்க்கப்பட்ட சர்வ்லெட்டில் சென்ட் ரிடைரக்ட் ஏன் பயன் தராது?" இந்தக் கேள்விக்கு "தரவிதி அப்படிச் சொல்கிறது" என்று மட்டும் எழுதினால் விடை அரைகுறைதான். காரணத்தையும் சேருங்கள்: சர்வ்லெட் அப்போது முழுப் பதிலுக்கு உரிமையாளர் அல்ல, ஒரு பெட்டியை மட்டுமே நிரப்புகிறது. அது பக்கத்தையே திசைதிருப்பினால் மற்றப் பெட்டிகள் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொண்டால் மேலே சொன்ன விதிகளில் பலவற்றை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.