கூரையில் செருகிய வாழையிலை

பறங்கியர் என்ற போர்த்துக்கேயர் ஆண்ட காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. விரத நாளில் சைவச் சோறு உண்டவர்கள் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறியமாட்டார்களாம். சுருட்டி ஓலைக் கூரைக்குள் செருகிவிடுவார்களாம். முற்றத்தில் இலை கிடந்தால் அந்த வீட்டில் விரதம் பிடிக்கிறார்கள் என்பது அதிகாரிக்குத் தெரிந்துவிடும். ஊருக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர், வீட்டுக்குள் முருகனுக்கு விரதம். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை 1621இல் இடித்த பிலிப் டி ஒலிவேரா, சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்சியின் தளபதி. அதற்கு முன்பு, 1544இல், மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொன்றதும் நடந்ததுதான். அந்தக் கொலையைக் காட்டிக் கோவில் இடிப்புக்குக் கணக்குத் தீர்க்க முடியாது. சமய சுதந்திரம் பற்றி வேதக்காரர் பேச வந்தால், அந்த இலையைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும்.

பிறகு ஒளிய வேண்டிய முறை கத்தோலிக்கருக்கு வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், சீர்திருத்த சபையார். ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய பள்ளிக்கூடப் பதிவேடான தோம்பில் பதியப்பட வேண்டும்; பதிவு இல்லையென்றால் சொத்துரிமைக்கே வில்லங்கம். ஆகவே சைவரும் கத்தோலிக்கரும் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்து கெடுபிடி தளர்ந்ததும் அந்தப் பெரும் சபை சில வருடங்களிலேயே கரைந்தது. கட்டாயத்தால் பெயர்ப் பட்டியல் கிடைத்தது, விசுவாசிகள் கிடைக்கவில்லை.

அந்த ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் என்ற கத்தோலிக்கக் குரு வந்திறங்கினார். பிச்சைக்காரர் கோலம். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத ஊர். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் தங்கி, இரவில் பூசை வைத்தார். 1689 நத்தார் இரவு பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துப் பிடித்தனர். அடிபட்டுச் செத்தவரும் உண்டு. அடிகள் தப்பினார்.

கிறிஸ்தவ ஆட்சி வேட்டையாடிய அந்தக் குருவானவருக்கு நிழல் கொடுத்தவன் கண்டியின் பௌத்த மன்னன். 1692இல் அங்கே போனதும் ஒற்றன் என்று சிறையில்தான் போட்டார்கள். 1697இல் அம்மை நோய் பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்டு ஓடியபோது, அடிகள் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார், புண் கழுவினார், செத்தவர்களை அடக்கம் செய்தார். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அதை மறக்கவில்லை. அடிகள் 1711இல் கண்டியிலேயே இறந்தார்.

மன்னனின் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அது தயவு. சில பத்தாண்டுகளில் வேறொரு மன்னன் வந்தான், குருமார் துரத்தப்பட்டார்கள். தயவாகக் கிடைத்ததை இன்னொருவர் வந்து ஒரே நாளில் எடுத்துவிடலாம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தடைகளை ஆங்கிலேய ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல் நீக்கினார். இங்கிலாந்திலேயே கத்தோலிக்கருக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது 1829இல்தான். அதுவும் மேலிருந்து வந்த தயவு.

மனிதனாகப் பிறந்த ஒரே காரணத்தால் சமய சுதந்திரம் எல்லோருக்கும் உரியது என்று உலகம் எழுதிவைத்தது 1948 டிசம்பர் 10 அன்று. மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு உருவானதில் லெபனானின் சார்ல்ஸ் மாலிக் என்ற ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவரின் உழைப்பு பெரிது. சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை இன்னும் தாமதித்தது. 1864இல் ஒன்பதாம் பத்திநாதர் சமய சுதந்திரக் கருத்துகளைப் பிழைகளின் பட்டியலில் சேர்த்திருந்தார். நூறு வருடம் கழித்து, 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 2,308 பேர் ஆதரிக்க, 70 பேர் எதிர்க்க, அந்த நிலை மாறியது. மனிதரின் மாண்பிலிருந்தே இந்த உரிமை பிறக்கிறது. உண்மையைத் தேடாதவருக்கும் அது உண்டு என்று சபை அறிவித்தது. சபை இதைப் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நான் நினைக்கவில்லை. நற்செய்தியில், செல்வந்தனான இளைஞன் முகம் வாடித் திரும்பிப் போனபோது இயேசு அவனைப் போகவிட்டார். பிடித்து இழுத்து வரவில்லை. அதைச் சபை வாசித்துக்கொண்டுதான் இருந்தது, விளங்கிக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் எடுத்தன.

இன்று? ஒளிந்து பூசை வைத்த அடிகளை 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடு மாதா திருத்தலத்துக்கும் போனார். ஒல்லாந்தருக்குத் தப்பிய மாந்தைக் கத்தோலிக்கர் காட்டுக்குள் கொண்டுவந்த மாதா என்பது மடுவின் வரலாறு. இன்று ஆடி, ஆவணித் திருவிழாக்களில் சைவரும் அங்கே நேர்த்தி வைக்கிறார்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. 9ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. எழுத்தில் உரிமைதான். நடைமுறையில் பல இடங்களில் அது இன்னும் தயவாகவே இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டுக்கு வந்தவர்கள் குண்டுத் தாக்குதல்களில் கொல்லப்பட்டார்கள். அதற்கு நீதி கேட்கிறோம், கேட்க வேண்டும். அடுத்த மாதமே, அந்தக் குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், பச்சைக் குழந்தையின் உடல் உட்பட, குடும்பத்தார் கெஞ்சியும் எரிக்கப்பட்டன. 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு, வவுனியா மாவட்டத்து வெடுக்குநாறி மலை ஆதிசிவன் கோவிலில் வழிபட வந்தவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸார் கைதுசெய்தனர். விடுதலையாகுமுன் பல நாள் மறியலில் கிடந்தார்கள்.

நம்முடைய ஞாயிறு மன்றாட்டுகளில் வெடுக்குநாறியின் பெயர் சொல்லப்பட வேண்டும். அப்படிப்பட்ட வழக்குகளுக்கு நம் வழக்கறிஞர்கள் போய் நிற்க வேண்டும். மடுவில் நாம் ஒரு தொல்லையும் இல்லாமல் கும்பிடுவது போல அவர்கள் அந்த மலையில் கும்பிடும்வரை, இது நம்முடைய வழக்கும்தான்.