தேநீர்க் கடைக்கு வந்த வரிக் கடிதம்

2025 ஜூலை மாதத்தில் பெங்களூர் நகரின் பேக்கரிகளிலும் பெட்டிக் கடைகளிலும் ஒரு விசித்திரமான காட்சியைக் காண முடிந்தது. கறுப்புக் கோடுகள் நிறைந்த அந்தச் சதுர அட்டை, கைத்தொலைபேசியைக் காட்டினால் காசு போய்ச் சேருமே, அதைக் கடைக்காரர்கள் கழற்றி உள்ளே வைத்து விட்டார்கள். அந்த இடத்தில் கையெழுத்தில் ஒரு கடதாசி தொங்கியது: "யூ.பி.ஐ. இல்லை, காசு மட்டும்."

ஒரு ரூபா தேங்காய்ச் சில்லுக்கும் தொலைபேசியை நீட்டிப் பழகிய நகரம் அது. அங்கே இப்படி ஒரு மாற்றம் ஏன் வந்தது? காரணம் கர்நாடக மாநில வணிக வரித் திணைக்களம் அனுப்பிய கடிதங்கள். 2021ஆம் ஆண்டு முதல் யார் யாருடைய கணக்கில் இந்த வழியாக எவ்வளவு பணம் வந்தது என்ற விபரத்தைத் திணைக்களம் பணப் பரிமாற்ற நிறுவனங்களிடமிருந்து பெற்றுக் கொண்டது. ஆண்டுக்கு 40 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல் வந்திருந்தும் பதிவு செய்யாத ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்குக் கடிதம் பறந்தது.

40 இலட்சம் என்றதும் பெரிய முதலாளி என்றுதான் நமக்குத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 365 நாளால் பிரித்தால் நாளொன்றுக்கு 11,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர், பிஸ்கட், பால் பக்கற் விற்கும் ஒரு கடைக்கு இது பெரிய தொகையே அல்ல. அந்த 11,000 ரூபாவும் கடைக்காரரின் பைக்குள் போவதுமில்லை. பால்காரருக்கு, சீனிக்கு, வாடகைக்கு, பையனின் கூலிக்கு என்று போக மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் வங்கிக் கணக்குக்கு இலாபம் எது, முதல் எது என்று தெரியாது. வந்ததை மட்டும்தான் அது எழுதி வைத்துக் கொள்கிறது.

பத்திரிகைகளில் பெரிதாக வந்தது வட கர்நாடகத்து மரக்கறி வியாபாரி ஒருவரின் கதை. நான்கு ஆண்டுகளில் 1 கோடி 63 இலட்சம் ரூபா அவருடைய கணக்கில் வந்திருக்கிறது. ஆகவே 29 இலட்சம் ரூபா வரி கட்டும்படி கடிதம் வந்தது. ஆண்டுக்கென்று பிரித்தால் 41 இலட்சம் கூட வராது. கோட்டை மயிரிழையில் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான். விவசாயிகளிடம் மரக்கறி வாங்கி அன்றன்றைக்கே விற்பவர் அவர். இந்தியச் சட்டத்தின்படி பச்சை மரக்கறிக்குப் பொருள் சேவை வரியே கிடையாது! வரியில்லாத பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்யத் தேவையில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிறகேன் கடிதம்? கணக்கில் வந்த பணம் கத்தரிக்காய்க்கு வந்ததா, கண்ணாடிச் சாமானுக்கு வந்ததா என்பது திணைக்களத்தின் பட்டியலில் இல்லை. தொகைதான் இருந்தது.

இங்கே திணைக்களத்தின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இது இறுதித் தீர்ப்பல்ல, விளக்கம் கேட்கும் கடிதம்தான், வரியில்லாப் பொருள் விற்றவர்கள் ஆதாரத்தைக் காட்டினால் விட்டு விடுவோம் என்று அவர்கள் சொன்னார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் 2021இல் வாங்கிய கத்தரிக்காய்க்கு யார் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறார்கள்? விவசாயி கொடுத்ததும் இல்லை, வியாபாரி கேட்டதும் இல்லை. 29 இலட்சம் என்று எழுதிய கடதாசியைக் கையில் வைத்துக் கொண்டு "இது விளக்கம் கேட்பது மட்டும்தான்" என்று ஆறுதல் அடையக் கூடிய மனிதர் அபூர்வம்.

சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. பாலுக்கு வரியில்லை. ஆனால் பாலோடு வரியுள்ள பிஸ்கட்டையும் விற்றால், 40 இலட்சக் கோட்டைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது பால் விற்ற காசும் சேர்த்தே எண்ணப்படும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த கடைக்காரரை அந்தப் பக்கம் தள்ளியது பெரும்பாலும் பாலாகத்தான் இருக்கும். சமைத்துப் பரிமாறுதல் போன்ற சேவை என்றால் கோடு 20 இலட்சத்திலேயே நிற்கிறது.

இதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து பதிவு செய்திருந்தால் சுமை இவ்வளவு வந்திராது. ஒன்றரைக் கோடி வரை புரள்வுள்ள வியாபாரிக்கு நூற்றுக்கு ஒரு வீதம் மட்டும் கட்டும் இலகுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 41 இலட்சத்துக்கு 41,000 ரூபா. பதிவு செய்யாமல் இருந்து பிடிபட்டவருக்கோ முழு வீதம், அதன் மேல் வட்டி, அதன் மேல் தண்டம். அந்தத் திட்டம் இருப்பதைத் தேநீர்க் கடைக்காரருக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி. அட்டையை ஒட்ட மட்டும் ஆட்கள் கடை கடையாக வந்தார்களே!

வியாபாரிகள் கொதித்து எழுந்தார்கள். சில கடைகள் பால் விற்பதை நிறுத்தி, பால் சேர்க்காத தேநீரை மட்டும், நாம் பிளேன்ரீ என்கிறோமே அதைத்தான், விற்று எதிர்ப்புக் காட்டின. ஜூலை 25ஆம் திகதி முழுக் கடையடைப்பு என்றும் அறிவித்தார்கள். 23ஆம் திகதி முதலமைச்சர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பதிவு செய்து கொள்பவர்களிடம் பழைய நிலுவை அறவிடப்பட மாட்டாது, வரியில்லாப் பொருள் விற்பவர்களுக்குப் போன கடிதங்கள் கைவிடப்படும் என்று அவர் உறுதி கூறியதும் கடையடைப்பு கைவிடப்பட்டது.

அட்டையைக் கழற்றியவர்களுக்குத் திணைக்களம் கொடுத்த பதிலையும் கவனிக்க வேண்டும். காசாக வந்தாலென்ன, தொலைபேசி வழியாக வந்தாலென்ன, விற்பனை விற்பனைதான், வரி இரண்டுக்கும் ஒன்றுதான் என்றார்கள். அட்டையைக் கழற்றுவதால் பழைய கணக்கு அழிந்து விடவும் இல்லை.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2024 பெப்ரவரி 12ஆம் திகதி முதல் அதே யூ.பி.ஐ. முறையில் இந்தியப் பயணிகள் இலங்கைக் கடைகளிலும் பணம் செலுத்துகிறார்கள். அதை விட நெருக்கமான சம்பந்தம் நம் வீடுகளுக்குள் இருக்கிறது. அபாயா தைத்து விற்கும் சகோதரி, கேக் அடித்துக் கொடுக்கும் சகோதரி, பெருநாள் காலத்தில் வட்டிலப்பம் விற்கும் உம்மா, எல்லோரும் இன்று "கணக்கு இலக்கத்தை அனுப்புங்கள், போட்டு விடுகிறோம்" என்ற வார்த்தையைக் கேட்கிறார்கள். அந்த ஒரே கணக்கில்தான் கட்டாரிலிருந்து கணவர் அனுப்பும் பணம் வருகிறது. சீட்டுக் காசு வருகிறது. மைத்துனி வாங்கிய கைமாற்றும் திரும்பி வருகிறது. வருட முடிவில் அந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு எல்லாமே வியாபாரம் போலத்தான் தெரியும்.

எமது நாட்டில் 2025 ஏப்ரல் முதலாம் திகதி முதல் தனிநபர் ஒருவரின் வருட வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம். இங்கே வருமானம் என்பது செலவு கழித்த இலாபம், கணக்கில் வந்த மொத்தத் தொகையல்ல. மாதம் 3 இலட்சத்துக்குத் துணி விற்று, துணிக்கும் நூலுக்கும் தையல் கூலிக்கும் இரண்டே கால் இலட்சம் கொடுக்கும் சகோதரியின் வருட இலாபம் 9 இலட்சம்தான். வேறு வருமானம் இல்லையென்றால் வரி வராது. ஆனால் துணிக் கடைப் பற்றுச்சீட்டுகள் குப்பைக்குள் போயிருந்தால், கேள்வி வரும் நாளில் கையில் இருப்பது 36 இலட்சம் வந்ததாகக் காட்டும் வங்கிக் கூற்று மட்டுமே. பெறுமதி சேர் வரியின் எல்லை இதை விட வெகு தூரத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் அது வருடத்துக்கு 6 கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 3 கோடி 60 இலட்சமாக்க முன்மொழியப்பட்டது. வீட்டு வியாபாரம் அந்தக் கோட்டைத் தொடுவது அரிது.

வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கொன்று திறப்பது அரை நாள் வேலை. ஒரு ரூல் போட்ட கொப்பியில் திகதி, வந்தது, போனது என்று மூன்று வரிசை போதும். பற்றுச்சீட்டு தராத இடத்தில் வாங்கினால், யாரிடம், என்ன, எவ்வளவு என்று அன்றைக்கே அந்தக் கொப்பியில் எழுதி விடுங்கள். கணவரின் பணத்தையும் சீட்டுக் காசையும் பழைய கணக்கிலேயே விட்டு விடலாம். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி அனுப்புங்கள்.