லொறி இழுக்கவில்லையா? ரேர்போவை மாற்ற முன்பு இதைப் படியுங்கள்

தொழிற்சாலையில் இரவு வேலை செய்ததும், சீட்டுப் போட்டதும், கடன்பட்டதும் சேர்ந்துதான் ஒரு பழைய டீசல் லொறியாக எங்கள் வாசலுக்கு வருகிறது. அந்த லொறி லாஃபொன்ரேன் சுரங்கப் பாதையில் இறங்கி மறுபக்கம் ஏறும்போது மூச்சு வாங்கினால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் மூச்சு வாங்கும். கராஜுக்குப் போனால் "ரேர்போ போய்விட்டது" என்ற பதில் சுலபமாக வரலாம். அதை மாற்ற ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். ஆனால் இழுவை குறைவதற்குக் காரணம் பல தடவைகளில் அதைவிட மலிவான ஒரு பொருளாகவே இருக்கும்.

டீசல் எஞ்சினுக்கு பிளக் இல்லை. காற்றை இறுக்கி அமுக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆகவே அதற்கு வேண்டியவை மூன்று: உள்ளே போகக் காற்று, எரிய எண்ணெய், புகை வெளியேற வழி. பழுதையும் இந்த மூன்றிலேயே தேட வேண்டும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கியூபெக்கில் 2009 முதல் கனரக லொறிகளின் வேகம் மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் போகவில்லை என்றால் அது பழுதல்ல, சட்டம்.

எண்ணெய்

சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, பாரத்துடன் மேடு ஏறும்போது மட்டும் சோர்ந்தால், புகையும் அதிகம் இல்லையென்றால், முதலில் எண்ணெய் பில்ரரைப் பாருங்கள். மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் பில்ரரின் மேலேயே எழுதி வையுங்கள்.

ஊரில் டீசல் உறைந்து நாங்கள் பார்த்ததில்லை. இங்கே கடும் குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு பில்ரரை அடைத்துவிடும். கோடையில் அடித்த எண்ணெயுடன் லொறியைக் குளிர்காலம் வரை நிறுத்தி வைக்காதீர்கள். குளிர்காலத்து டீசலை அடித்து, தாங்கியை நிறைத்தே வையுங்கள். வெறுமையான தாங்கியில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கெட்டித்தனம் இங்கே உதவாது. உயர் அழுத்தப் பம்பிற்கு வழுவழுப்புக் கொடுப்பதும் டீசல்தான். பெற்றோல் கலந்தால் பம்பு தேய்ந்து போகும்.

காற்று

மேடு ஏறும்போது "ஸ்ஸ்" என்ற சத்தமும் கறுப்புப் புகையும் வந்தால் காற்றுக் குறைவு. காற்று பில்ரர் அடைத்திருக்கலாம். அல்லது ரேர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அதன் கிளிப் தளர்ந்திருக்கலாம். சைக்கிள் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை தேடிய முறையே இங்கும் போதும். மெக்கானிக் குறைந்த அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டிக் கொடுக்கும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்பும் இனிப்பு மணத்துடன் வெள்ளைப் புகை வந்தால் றேடியேற்றர் தண்ணீர் உள்ளே போகிறது. உடனே நிறுத்துங்கள்.

புகை வழி

2007க்குப் பிந்திய லொறிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் பில்ரர் உண்டு. இவற்றில் புகையின் நிறத்தை நம்ப முடியாது. அந்தக் கரி எரிந்து போக நல்ல சூடு வேண்டும். லொங்குய்யிற்கும் மொன்றியலுக்கும் இடையே நின்று நின்று ஓடும் லொறிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. இடைக்கிடை 20ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட விடுங்கள். 2010 முதல் வந்த பெரும்பாலான லொறிகளுக்கு யூரியாக் கரைசலும் வேண்டும். அது குறைந்தாலோ கெட்டாலோ கம்பியூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். யூரியா -11 பாகையில் உறையும். தாங்கியில் இருக்கும் சூடாக்கி பழுதானால் ஜனவரியில் தெரிந்துவிடும்.

எந்த எஞ்சின் நம்பகமானது?

கம்பனியின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆண்டையும் பாருங்கள். போர்ட்டின் 7.3 லீற்றர் டீசல் (1994–2003) நீண்ட காலம் உழைப்பதற்குப் பெயர் பெற்றது. அதே நாவிஸ்ரார் நிறுவனம் அடுத்துச் செய்து கொடுத்த 6.0 லீற்றரில் ஒயில் கூலர், புகைக் கூலர், ஹெட் காஸ்கெற் எல்லாம் தொல்லை கொடுத்தன. டொட்ஜ் லொறிகளிலுள்ள கமின்ஸ் 5.9இல் 1998 வரை வந்த 12 வால்வு எஞ்சினுக்குக் கம்பியூட்டர் இல்லை, திருத்துவது எளிது. அதன் பின்பு 2002 வரை வந்தவற்றில் எண்ணெயை ஏற்றிக் கொடுக்கும் சிறிய பம்பு பலவீனமானால் பெரிய பம்பையும் கொண்டு போய்விடும். யூரியா இல்லாமலே விதிகளைச் சமாளிக்க முயன்ற நாவிஸ்ராரின் மக்ஸ்போர்ஸ் பெரிய எஞ்சின்கள் (2011–2014) தொடர்பான அமெரிக்க வழக்கு 13 கோடியே 50 இலட்சம் டொலர் இணக்கத்தில் முடிந்தது. கட்டர்பில்லர் நல்ல பெயருடன் இருந்தும் 2010இல் வீதி லொறி எஞ்சின்களைக் கைவிட்டது.

கராஜில் சொல்ல

"பேர்த் து புயிசான்ஸ்" என்றால் இழுவைக் குறைவு. "பில்த்ர்" என்றால் பில்ரர். எப்போது இழுக்கவில்லை, புகை என்ன நிறம், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். செலவை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள். மொழி தெரியாதவர் என்று நினைத்து ஒருவர் ரேர்போவில் தொடங்கினால், பில்ரரிலிருந்து தொடங்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காசு உங்களுடையது.