பால்பாயின்ட் ஜெயிச்சது, அதுக்கு முதல்ல காசு போட்ட எவர்ஷார்ப் தோத்தது!



வெள்ளை பாடி, நீல மூடி போட்ட ரெனால்ட்ஸ் 045. அதுல ஒரு தடவையாவது எழுதாம ஸ்கூலை முடிச்சவங்க உங்க ஆபீஸ்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க. 80-கள்ல இருந்து நம்ம சென்னைக் கம்பெனி ஒண்ணுதான் லைசென்ஸ் வாங்கி அதை இந்தியாவுக்கே தயாரிச்சுக் கொடுத்துச்சு. ஆனா ரெனால்ட்ஸ்ங்கிறது ஒரு மனுஷனோட பேரு. மில்டன் ரெனால்ட்ஸ், அமெரிக்காவில் சிகாகோக்காரர். அவர் பேனா வித்த வேகத்துல, அதே ஊர்ல இருந்த ஒரு பெரிய ஃபவுண்டன் பேனா கம்பெனி ஆட்டம் கண்டுபோச்சு. அதுதான் எவர்ஷார்ப்.

"பழைய பேனா கதை எதுக்குங்க, ஸ்டாக் பத்திச் சொல்லுங்க"ன்னு கேப்பீங்க. ஸ்டாக் பத்தித்தான் சொல்லப் போறேன். நம்ம சேனலுக்கு வர்ற கேள்வியில பாதி இதுதான்: "அடுத்த பத்து வருஷம் இந்த டெக்னாலஜிதான் ப்ரோ, எந்தக் கம்பெனி வாங்கலாம்?" நானும் 2021-ல் இதே கேள்வியைக் கேட்டுக்கிட்டு, வந்த போனஸ்ல 60,000 ரூபாயை எலக்ட்ரிக் வண்டி சம்பந்தப்பட்ட ஒரு சின்னக் கம்பெனியில போட்டேன். இன்னைக்கு எங்க தெருவுல நாலு வீட்டுக்கு ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நிக்குது. நான் கணிச்சது அப்படியே நடந்துச்சு. என் 60,000 மட்டும் 23,000 ஆயிடுச்சு. கணிப்பு சரி, காசு காலி. இது எப்படி நடக்கும்னு புரியாம ரொம்ப நாள் முழிச்சேன். எவர்ஷார்ப் கதையைப் படிச்சப்பதான் கொஞ்சம் புரிஞ்சுது.

எவர்ஷார்ப் முதல்ல பேனாவே இல்லை, பென்சில். சார்லஸ் கீரன்ங்கிறவர் கண்டுபிடிச்ச, சீவவே தேவையில்லாத மெக்கானிக்கல் பென்சில். தயாரிக்க வசதி இல்லாததால சிகாகோவில் கணக்குப் போடும் மெஷின் செஞ்சுக்கிட்டிருந்த வால் கம்பெனிகிட்ட போனார். பென்சில் பிச்சுக்கிட்டுப் போச்சு. கொஞ்ச வருஷத்துல வால் கம்பெனி உள்ளே, கண்டுபிடிச்ச கீரன் வெளியே. (ஸ்டார்ட்அப்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது.) அப்புறம் 1917-ல் பாஸ்டன்ல ஒரு பேனா கம்பெனியை வாங்கி, வால் ஃபவுண்டன் பேனாவுக்குள்ளேயும் இறங்குச்சு. 1931-ல் வந்த டோரிக்னு ஒரு மாடல், பன்னிரண்டு பட்டை வெச்சு, இன்னைக்கும் கலெக்டர்கள் தேடிப் பிடிக்கிற அழகு.

ஆனா நிஜமான ஜாக்பாட் 1941-ல் வந்த ஸ்கைலைன். டிசைன் பண்ணினவர் ஹென்றி டிரேஃபஸ். அமெரிக்காவின் புகழ்பெற்ற 'ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட்' ரயிலுக்கு உருவம் கொடுத்த அதே ஆள். பேனாவைப் பார்த்தாலே அந்த ரயில் மூக்கு ஞாபகம் வரும். போர்க்காலத்துல அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட பேனா இது.

விளம்பரத்துலயும் சாமானியமான ஆளுங்க இல்லை. 1940-ல் ரேடியோவில் 'டேக் இட் ஆர் லீவ் இட்'னு ஒரு க்விஸ் ஆரம்பிச்சுது. நடத்த காசு கொடுத்தது எவர்ஷார்ப். முதல் கேள்விக்கு 1 டாலர். அடுத்தது 2, அப்புறம் 4, 8, 16, 32, கடைசியா 64. ஒவ்வொரு கட்டத்துலயும் கையில இருக்கிறதை எடுத்துக்கிட்டு எழுந்து போகலாம், இல்லை அடுத்த கேள்விக்குப் போகலாம். தப்பாச் சொன்னா மொத்தமும் போச்சு. 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' பார்த்தவங்களுக்கு இந்த வயித்துக்கலக்கல் தெரியும். தங்க பேனா, தங்க பென்சில் சேர்த்து ஒரு செட்டை எவர்ஷார்ப் 64 டாலருக்கே வித்துச்சுன்னா பாத்துக்கோங்க.

இப்ப 1945-க்கு வாங்க. ஹங்கேரியில பத்திரிகையாளரா இருந்த லாஸ்லோ பிரோ, அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பால்பாயின்ட் பேனா தயாரிச்சுக்கிட்டிருந்தார். இதுதான் எதிர்காலம்னு எவர்ஷார்ப் சரியாவே மோப்பம் பிடிச்சுது. மே மாசம், எபர்ஹார்டு ஃபேபர் கம்பெனியோட சேர்ந்து, 5,00,000 டாலர் கொடுத்து அமெரிக்காவுக்கான உரிமையை வாங்கினாங்க. அன்னைக்கு அந்த முடிவைப் பார்த்த யாருமே தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. நான் அங்கே இருந்திருந்தா அந்த ஷேரைத்தான் வாங்கியிருப்பேன்.

அடுத்த மாசம் மில்டன் ரெனால்ட்ஸ் பியூனஸ் அயர்ஸ் போனார். கடையில பிரோ பேனாவைப் பார்த்தார், சிலதை வாங்கிக்கிட்டு ஊர் திரும்பினார். பேனா முனையில குண்டு வைக்கிற ஐடியாவுக்கு ஜான் லவுட்ங்கிற அமெரிக்கர் 1888-லயே பேட்டன்ட் வாங்கி, அது எப்பவோ காலாவதி ஆயிடுச்சு. பிரோகிட்ட பாக்கி இருந்தது, மை குண்டுக்கு வந்து சேர்ற முறைக்கான பேட்டன்ட்தான். ரெனால்ட்ஸ் அதைத் தொடவே இல்லை. மை தானா புவியீர்ப்புல கீழே இறங்கட்டும்னு விட்டுட்டார்.

1945 அக்டோபர் 29. நியூயார்க்ல கிம்பல்ஸ் கடை. விலை 12.50 டாலர். அந்த வாரம்தான் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 சென்ட்னு ஏறியிருந்துச்சு. அப்படின்னா ஒரு பேனாவுக்கு 31 மணி நேர உழைப்பு! அதுக்கும் கடை வாசல்ல கூட்டம் தள்ளுமுள்ளு. முதல் நாளே சுமார் 10,000 பேனா வித்துச்சு. தண்ணிக்கு அடியிலகூட எழுதும்னு விளம்பரம். (தண்ணிக்கு அடியில போய் என்னத்தை எழுதறதுன்னு யாரும் கேட்கலை.)

அரை மில்லியன் கொடுத்து உரிமை வாங்கின எவர்ஷார்ப், இன்னும் பேனாவையே கடைக்குக் கொண்டுவரலை. கோர்ட்டுக்குப் போனாங்க, அவரும் பதிலுக்குப் போனார். கேஸ் இழுத்துக்கிட்டே கிடந்துச்சு, பேனா வித்துக்கிட்டே இருந்துச்சு. 1946-ல் எவர்ஷார்ப்போட 'சி.ஏ.' பேனா 15 டாலருக்கு வந்துச்சு. அது மக்கர் பண்ணுச்சு. ரெனால்ட்ஸ் பேனாவும் அதேதான். மை கசியும், பாதியில நிக்கும், சட்டைப் பை நாசம். ஆனா ரெனால்ட்ஸுக்கு இழக்கறதுக்குப் பழைய பேர் எதுவும் இல்லை. எவர்ஷார்ப்புக்கு முப்பது வருஷப் பேர் இருந்துச்சு. திரும்பி வந்த ஒவ்வொரு பேனாவும் அந்தப் பேரைக் கொஞ்சம் தின்னுச்சு.

அப்புறம் விலைப் போர். ஆளாளுக்கு பால்பாயின்ட் செய்ய ஆரம்பிச்சாங்க. 12.50 டாலர் பேனா, 1948 வாக்கில் 50 சென்ட்டுக்கும் கீழே. வாங்கறவங்களுக்குக் கொண்டாட்டம், செய்யறவங்களுக்குத் திண்டாட்டம். இந்த இடத்தைத்தான் நான் என் 60,000-ல் கோட்டை விட்டேன். "இந்தப் பொருள் ஜெயிக்குமா?"ன்னு மட்டும் பார்த்தேன். "வேற ஆள் இதைச் செய்யறதை யாராவது தடுக்க முடியுமா, விலை சரிஞ்சா இந்தக் கம்பெனி தாங்குமா?"ன்னு பார்க்கலை. பேட்டன்ட் இருக்கு, லைசென்ஸ் இருக்கு, எம்.ஓ.யூ. போட்டிருக்காங்கன்னு நியூஸ் வந்தா, அந்தக் காகிதம் எந்தக் கதவை அடைக்குது, எந்தக் கதவைத் திறந்து விடுதுன்னு பார்க்கணும். எவர்ஷார்ப் 5,00,000 டாலருக்கு ஒரு கதவை அடைச்சுது. பக்கத்துக் கதவு 1888-ல் இருந்தே இருந்துச்சு.

ரெனால்ட்ஸும் நிலைச்சு நிக்கலை. 1947-ல் சொந்த விமானத்துல 79 மணி நேரத்துக்குள்ள உலகத்தைச் சுத்தி ரெக்கார்டு போட்டார், சில வருஷத்துல அமெரிக்காவில் கடையை மூடிட்டார். பேர் மட்டும் பிரான்ஸ் வழியா நம்ம பென்சில் பாக்ஸுக்கு வந்து சேர்ந்துச்சு.

நிஜமாப் பணம் பார்த்தது பின்னாடி வந்தவங்க. பார்க்கர் கம்பெனி அவசரப்படாம 1954 வரைக்கும் காத்திருந்து, 2.95 டாலருக்கு ஜாட்டரை இறக்குச்சு. முதல் வருஷமே சுமார் 35 லட்சம் பேனா. இன்னைக்கும் நம்ம ஊர் ஸ்டேஷனரி கடையில கிடைக்குது.

எவர்ஷார்ப் முழுசா மூழ்காம இருந்ததுக்குக் காரணம், 1946-ல் அவங்க வாங்கிப் போட்ட ஷிக் ரேஸர் பிசினஸ். பேனா பள்ளத்துல விழுந்தப்ப ஷேவிங் பிளேடு சோறு போட்டுச்சு. போர்ட்ஃபோலியோவுல ஒரே செக்டார் வெச்சிருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

இடையில ஒண்ணு. "பழைய ஸ்கைலைன் வாங்கி வெச்சா விலை ஏறுமா?"ன்னு கேட்காதீங்க. எக்கச்சக்கமா செஞ்ச மாடல் அது, விண்டேஜ் பேனாக்கள்ல மலிவானதுல ஒண்ணு. எழுத ஆசை இருந்தா வாங்குங்க. உள்ளே இருக்கிற ரப்பர் மைப்பையை மாத்தியிருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. மத்தபடி அது செலவுக் கணக்கு, முதலீட்டுக் கணக்கு இல்லை.

1957 கடைசியில எவர்ஷார்ப் தன்னோட பேனா பிரிவை பார்க்கர்கிட்டயே வித்துடுச்சு. அதுக்கப்புறம் எவர்ஷார்ப் தலைமைக்கு வந்தவர் யார் தெரியுமா? பேட்ரிக் ஃப்ராலி. கசியாம, சீக்கிரம் காயற மையோட 1949-ல் பேப்பர்மேட் பால்பாயின்ட்டைக் கொண்டுவந்து, 1955-ல் அதை ஜில்லெட்டுக்கு 1.55 கோடி டாலருக்கு வித்தவர். பால்பாயின்ட்ல சம்பாதிச்ச அந்த மனுஷன் எவர்ஷார்ப் நாற்காலியில வந்து உட்கார்ந்தப்ப, அந்தக் கம்பெனிகிட்ட விக்கறதுக்கு ஒரு பேனாகூட மிச்சம் இல்லை.