வெள்ளி மாலை வரும் அறிக்கை

மென்பொருள் கம்பனிகளில் ஒரே நிரலை இரண்டு தரப்பினர் பார்க்கிறார்கள். எழுதிய டெவலப்பருக்கு அது சொன்ன நாளில் ஓட வேண்டும். பாதுகாப்பு அணிக்கு அதை யாரும் உடைக்கக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் நோக்கங்கள் அல்ல. ஆனால் ஒருவருக்கு வேகத்துக்காகவும் மற்றவருக்குக் குறை கண்டுபிடிப்பதற்காகவும் பாராட்டு கிடைக்கிறது. உரசல் அங்கேதான் தொடங்குகிறது. நாளடைவில் செக்கியூரிட்டிக்காரர் என்றால் வேலையை மறிக்கிறவர், டெவலப்பர் என்றால் பொறுப்பில்லாதவர் என்று இரு பக்கமும் பெயர் வைத்துவிடுகின்றன.

கண்டிக்கு அருகே பேராதனையில் இந்தத் தொழிலுக்கு ஆட்களை உருவாக்கும் இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து அங்கே வந்தது. அதன் கணினிப் பொறியியல் துறை மாணவர்களின் செய்திட்டங்கள் பல கிட்ஹப் தளத்தில் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. தன் நிரலைப் பிறர் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள் என்பதை இருபது வயதிலேயே பழகிக்கொள்வது சின்ன விஷயமல்ல. வேலைக்குப் போன பிறகு முதன்முறையாகக் குறை கேட்பவருக்கு அது தன்னையே தாக்குவதுபோல இருக்கும்.

நம்பிக்கை உடைவது பெரும்பாலும் காலம் தவறுவதால்தான். திங்கட்கிழமை வெளியீடு, வெள்ளி மாலை பாதுகாப்பு அணியிடமிருந்து நூறு பக்க அறிக்கை வருகிறது. அதில் பாதி, தானியங்கி வருடி கொட்டிய வெற்று எச்சரிக்கைகள். உண்மையான ஓட்டை எழுபதாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் அறிக்கையை யாரும் திறப்பதில்லை. அதே ஆட்கள் வடிவமைப்புப் பேச்சு நடக்கும்போதே மேசைக்கு வந்து, “இந்தக் கோப்பை யார் யார் பதிவேற்றலாம்?” என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். வருடி சொன்னதை முதலில் தாங்களே சரிபார்த்து, மெய்யான மூன்றை மட்டும், திருத்தும் வழியோடு அனுப்பும் அணிக்கு மரியாதை தானாக வரும். நிரல் எழுதத் தெரிந்த ஒருவராவது பாதுகாப்பு அணியில் இருப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

கோப்புப் பதிவேற்றம் பற்றிய கேள்வி கற்பனையானதல்ல. 2005இல் சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2, உலகெங்கும் வங்கிகளும் அரசுகளும் பயன்படுத்தும் மென்பொருளை இலங்கையில் உருவாக்கும் நிறுவனம். அதன் சில தயாரிப்புகளில், கணக்கே இல்லாத ஒருவர் சேவையகத்தில் கோப்பொன்றை ஏற்றி இயக்கிவிடக்கூடிய ஓட்டை இருப்பதை ஆரஞ்சு ட்ஸாய் என்ற பெயரில் இயங்கும் தைவான் ஆய்வாளர் கண்டுபிடித்தார். அபாய அளவுகோலில் 10க்கு 9.8. அவர் ஊருக்குச் சொல்லாமல் நிறுவனத்துக்குச் சொன்னார். 2022 ஏப்ரலில் விவரம் வெளியானபோது திருத்தம் ஏற்கெனவே தயாராக இருந்தது. திருத்தத்தைப் போடாமல் விட்டிருந்த சேவையகங்கள் மீது சில நாட்களுக்குள் தாக்குதல் தொடங்கியது. குறை சொல்ல வருபவரை எதிரியாக நடத்தும் நிறுவனத்துக்கு இத்தகைய அவகாசம் கிடைக்காது; அடுத்த முறை கண்டுபிடிப்பவர் யாரிடம் போவாரோ.

உள்ளே இருக்கும் இரு அணிகளைச் சேர்க்க, நிர்வாகம் காசும் நேரமும் கொடுக்க வேண்டும். மைக்ரோசொப்ட் இதைக் கடும் அவமானங்களுக்குப் பிறகு கற்றது. புழுநிரல்கள் பரவிய காலத்தில், 2002 ஜனவரியில், புதிய வசதியா பாதுகாப்பா என்ற கேள்வி வந்தால் பாதுகாப்பே முதல் என்று பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு எழுதினார். அடுத்த மாதம் விண்டோஸ் பிரிவில் புது வேலைகள் நிறுத்தப்பட்டு ஆயிரக்கணக்கான நிரலாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. கடிதத்தைவிட அந்த நிறுத்தமே டெவலப்பர்களை நம்ப வைத்திருக்கும்.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிட வேண்டும் என்ற விதியைச் சிலர் சந்தேகமாக எடுத்துக்கொள்கிறார்கள். கண்டிக்காரருக்கு இதை விளக்குவது எளிது. தலதா மாளிகையின் தந்ததாதுப் பேழைக்கான திறப்புகள் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்க தேரர்களிடமும் மாளிகையின் இல்லறப் பொறுப்பாளரான தியவடன நிலமேயிடமும் தனித்தனியே இருக்கின்றன. மூவரும் சேராமல் பேழை திறக்காது. அதனால் அவர்களில் எவரது மதிப்பும் குறைவதில்லை.

மிச்சமிருப்பது பழி. கடவுச்சொல்லைத் தவறுதலாக நிரலோடு பதிவேற்றிவிட்ட டெவலப்பர் ஐந்து நிமிடத்தில் சொன்னால் அதை மாற்றிவிடலாம். திட்டு விழும் என்று பயந்து மறைத்தால் அந்தக் கடவுச்சொல் மாதக்கணக்கில் வெளியே கிடக்கும். ஆகவே சம்பவத்துக்குப் பிந்திய கூட்டத்தில் “யார் செய்தது?” என்பதற்கு முன் “எப்படி நடக்க முடிந்தது?” என்று கேட்பவரே நல்ல மேலாளர். எச்சரிக்கை மேலே போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, அங்கே முடிவும் எடுக்கப்பட வேண்டும். இலங்கை அரச கிளவுட்டின் மின்னஞ்சல் சேவை எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய பதிப்பில் ஓடியது. அதைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்தும் நிதியும் நிர்வாக முடிவுகளும் தாமதித்தன. 2023 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் அந்தப் பதிப்புக்கான ஆதரவை நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கப்பம் கோரும் மென்பொருள் உள்ளே புகுந்தது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை.