வாக்கியம் முடியும் முன்பே

வாக்கியம் முடியட்டும் என்று மூளை காத்திருப்பதில்லை. வந்த சொற்களைக் கொண்டு வரப்போகும் சொல்லை ஊகித்தபடியேதான் கேட்கிறது. அம்பத்தூர் ரயில் நிலையத்தை விரைவு ரயில் ஒன்று கடக்கும்போது, அறிவிப்பில் ‘திரு’ என்பதற்கு மேல் எதுவும் கேட்காமல் போகலாம். அது திருவள்ளூர் வண்டியா, திருத்தணி வண்டியா? தினமும் வந்துபோகிறவர் தயங்குவதில்லை. அந்த நேரத்து வண்டி எது என்று தெரிந்திருப்பதால், மீதிப் பெயரும் காதில் விழுந்தது போலவே இருக்கும். ஊருக்குப் புதியவருக்கு அது வெறும் இரைச்சல்.

காதில் விழுந்தது போல என்பது மிகையன்று. 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு வாரன், ஒலிப்பதிவில் ஒரு சொல்லின் ஓர் ஒலியை அடியோடு வெட்டிவிட்டு அங்கே இருமலைச் சேர்த்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மற்றொரு சோதனை இன்னும் வியப்பானது. ஆங்கில வாக்கியத்தின் நடுவே இருமல், அதன்பின் ‘ஈல்’. வாக்கியம் ‘ஆக்சில்’ என்று முடிந்தால் அது ‘வீல்’ என்று கேட்டது. ‘ஆரஞ்ச்’ என்று முடிந்தால் தோலைக் குறிக்கும் ‘பீல்’ என்று கேட்டது. பின்னால் வந்த சொல், முன்னால் வந்த ஒலியைத் தீர்மானித்துவிட்டது!

எதிர்பாராத சொல் வந்தால் மூளையின் மின்னலைகளே காட்டிக்கொடுக்கும். ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதிலாகக் காலுறையைத் தடவியதாக முடியும் வாக்கியத்தைப் படித்தவர்களிடம், அச்சொல் வந்து சுமார் 400 மில்லிவினாடியில் ஓர் எதிர்மின் அலை எழுவதை மார்ட்டா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் பதிவுசெய்தனர். ‘என்400’ என்று பெயர்பெற்ற இந்த அலை, பொருந்தும் சொல்லுக்குச் சிறிதாகவே எழும்.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆனால் வேற்றுமை உருபுகள் முன்கூட்டியே வழிகாட்டிவிடுகின்றன. ‘ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ்ஸில்’ என்றதுமே போவதையோ வருவதையோ குறிக்கும் வினையை மனம் எதிர்பார்க்கிறது. இதே அமைப்புள்ள இந்தியில் சமர் ஹுசைன், சிரவண் வசிஷ்ட், நாராயணன் சீனிவாசன் மூவரும் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. இன்ன வினைதான் வரும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்தபோது, அந்த வினை தள்ளி வந்தாலும் வாசகர்கள் திணறவில்லை. அதை விரைவாகவே படித்தார்கள். எதிர்பார்ப்பு வலுவற்றிருந்தபோது அந்த வேகம் கிடைக்கவில்லை.

செவித்திறன் குறைந்த முதியவர்கள் இந்த ஊகத்தையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அவர்களிடம் குரலை மட்டும் உயர்த்தாமல், எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.